அந்த அரை நிமிஷ யோசனை

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஏலம் கேட்கும்போது பேசக்கூடிய சொற்கள் மொத்தம் 15தான். ஒன்று முதல் ஏழு வரை எண்கள். ஸ்பேடு, ஆட்டின், டைமன்ட், கிளாவர் என்று நாலு ஜாதிகள். துருப்பே வேண்டாம் என்றால் 'நோ டிரம்ப்'. அப்புறம் பாஸ், டபுள், ரீடபுள். இந்த 15 சொற்களை வைத்துக்கொண்டுதான், எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளிக்குத் தன் கையில் இருக்கும் 13 சீட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலையாட்டக் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது. புருவத்தைத் தூக்கக் கூடாது. 'பாஸ்' என்பதை இழுத்தும் சொல்லக் கூடாது, வெடுக்கென்றும் சொல்லக் கூடாது.

கல்யாணமாகி 36 வருஷமான ஒரு தம்பதி கூட்டாளிகளாக உட்கார்ந்து இந்த ஆட்டத்தை ஆடினால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியை எடுத்து வைக்கும் சத்தத்திலேயே மனைவிக்குக் கோபமா தலைவலியா என்று கண்டுபிடித்துவிடும் மனிதர், சனிக்கிழமை மாலை மட்டும் எதுவும் தெரியாதவர்போல உட்கார வேண்டும்.

ஓசூரில் அப்படி ஒரு தம்பதி இருக்கிறார்கள். 1970-களில் சிப்காட் வந்த பிறகு லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று அடுத்தடுத்து தொழிற்சாலைகள் முளைத்து, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குடியேறிய ஊர் அது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும். கணவர் இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பியவர். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. தோசைக்கல்லை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மனைவி, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு 22 வருஷம் வீட்டுத் திண்ணையிலேயே கணக்கு டியூஷன் எடுத்தவர்.

ஷிஃப்ட் பஸ்ஸில் பாலக்காட்டுக்காரர் ஒருவரிடம் அவர் முதலில் கற்றுக்கொண்டது '28' என்ற ஆட்டம். அதிலும் ஏலம் உண்டு, துருப்பு உண்டு. பிரிட்ஜ் பின்னால் ஒரு மேலதிகாரியிடமிருந்து வந்தது. மனைவி கற்றுக்கொண்டது 50 வயதுக்கு மேல். நாலாவது ஆள் மாற்றலாகிப் போய்விட்டார். "சும்மா உட்காரும்மா, நான் சொல்லித் தர்றேன்" என்று கூப்பிட்டார். ஆறே மாதத்தில் அந்த அம்மாள் அவரைவிட நன்றாகச் சீட்டை எண்ண ஆரம்பித்துவிட்டார். கணக்கு டீச்சர் அல்லவா!

ஆரம்பத்தில் தெருவில் பேச்சு கிளம்பாமல் இல்லை. "புருஷனும் பொண்டாட்டியும் சீட்டாடுறாங்களாம்." நம் ஊரில் சீட்டு என்றாலே காசு, சண்டை, போலீஸ் என்றுதான் ஞாபகம் வரும். இங்கே ஒரு பைசா கிடையாது. காபியும் தட்டை முறுக்கும்தான். 1967-ல் ரம்மி சூதாட்டமா, திறமை ஆட்டமா என்ற வழக்கில், 'ரம்மியில் இருக்கும் அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டு விழுவதில் இருக்கும் அதிர்ஷ்டம் மாதிரிதான்' என்று சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டத்தில் சேர்த்தது. அதாவது பிரிட்ஜ் பற்றி அன்றைக்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதல்முறையாக பிரிட்ஜைச் சேர்த்தார்கள். அதில் ஆண்கள் இரட்டையர் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. அந்தச் செய்தி வந்த வாரம் ஓசூர் தம்பதி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "உங்க ஆட்டமா அது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தெருவில் பேச்சு இல்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வரலாம். அதற்கு முன்னால் ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி.

நாலு பேர், இரண்டு ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டைப் போட, பெரிய சீட்டு போட்டவருக்கு அது ஒரு 'பிடி'. மொத்தம் 13 பிடிகள். ஆடுவதற்கு முன்னால் ஏலம். '4 ஸ்பேடு' என்று ஒருவர் கேட்டால், ஸ்பேடைத் துருப்பாக வைத்து ஆறுக்கு மேல் நாலு, ஆக 10 பிடி எடுத்துக் காட்டுகிறேன் என்று அர்த்தம். எடுத்தால் புள்ளி. எடுக்கத் தவறினால் எதிர் ஜோடிக்குப் புள்ளி. '5 ஆட்டின்' என்றால் 11 பிடி. இவ்வளவு போதும்.

இந்த வீட்டில் சனிக்கிழமை எட்டுப் பேர் வருவார்கள். இரண்டு மேஜை. இந்த மேஜையில் ஆடிய அதே சீட்டுகளை அந்த மேஜையிலும் ஆடுவார்கள். ஆகவே 'எனக்குக் கை மோசம்' என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அதே கையை வைத்து இன்னொருவர் என்ன செய்தார் என்பதுதான் கணக்கு.

அன்றைக்குக் கணவர் கையில் விழுந்தது இது. ஆட்டினில் ஏஸ், ராணி, ஜாக்கி, 8, 6, 3 என்று ஆறு சீட்டு. டைமன்டில் ராஜா, ராணி, 5. கிளாவரில் ஜாக்கி, 8, 4. ஸ்பேடில் ஒற்றை 7. அவர் '1 ஆட்டின்' என்று ஆரம்பித்தார். இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் மாங்காய் வியாபாரி. அவர் '1 ஸ்பேடு' என்றார். மனைவி '3 ஆட்டின்'. அப்படியென்றால் 'என்னிடமும் நாலு ஆட்டின் இருக்கிறது, கொஞ்சம் சீட்டும் இருக்கிறது' என்று பொருள். வலது பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து வரும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி '3 ஸ்பேடு' என்றார். கணவர் '4 ஆட்டின்'. மாங்காய் வியாபாரி சற்றும் தாமதிக்காமல் '4 ஸ்பேடு'.

அந்த வியாபாரியைப் பற்றி ஒரு வார்த்தை. காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கம் மாந்தோப்புகளைப் பூவிலேயே குத்தகை பேசுகிறவர் அவர். தை மாதம் தோப்புக்குள் ஒரு சுற்று நடந்து, பூவைப் பார்த்து, எவ்வளவு உதிரும், எவ்வளவு பிஞ்சு நிற்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு ஒரு தொகை சொல்வார். காய் கண்ணில் படுவதற்கு மூன்று மாதம் இருக்கும். கூடவே வேறு இரண்டு வியாபாரிகள் அதே தோப்பைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அங்கேயும் முகத்தில் எதுவும் காட்டக் கூடாது. அந்த ஆளுக்குப் பிரிட்ஜ் ஏலம் ஒரு விஷயமே இல்லை.

அடுத்தது மனைவியின் முறை. அவர் பேசவில்லை.

சீட்டை விரித்துப் பார்த்தார். மடக்கினார். மறுபடியும் விரித்தார். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. சுமார் அரை நிமிஷம். பிரிட்ஜ் மேஜையில் அரை நிமிஷம் என்பது ஒரு யுகம். கடைசியில், "பாஸ்."

அத்திப்பள்ளிக்காரர் "பாஸ்". இப்போது கணவர் சொல்ல வேண்டும். பாஸ் சொன்னால் எதிராளி 4 ஸ்பேடு ஆடுவார். டபுள் சொல்லலாம். அல்லது 5 ஆட்டின் என்று ஏறலாம்.

இந்த மாதிரி இடத்தைத்தான் பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் வாழ்நாள் முழுக்கப் பேசித் தீர்க்கிறார்கள். நல்ல கை வந்தால் யாரும் ஏலம் கேட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் பலம் ஏறக்குறைய சமமாக இருந்து, ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டே போகும்போது எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். அமெரிக்காவில் 1929 முதல் வரும் 'தி பிரிட்ஜ் வேர்ல்ட்' என்ற பத்திரிகையில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒரு கையைக் கொடுத்து, அதுவரை நடந்த ஏலத்தைக் கொடுத்து, 'நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?' என்று பெரிய ஆட்டக்காரர்களிடம் கேட்பார்கள். எல்லோரும் ஒரே பதில் சொல்வது அபூர்வம். ஒருவர் பாஸ் என்பார், இன்னொருவர் 'பாஸா? சிரிப்பாக இருக்கிறது' என்பார். இரண்டு பேருமே உலகப் போட்டிகளில் ஆடியவர்களாக இருப்பார்கள்.

கணக்கே இல்லையா என்றால், இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த ழான் ரெனே வெர்ன் 1960-களில் ஒரு விதி சொன்னார். 1992-ல் லாரி கோஹன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் அதை வைத்து ஒரு புத்தகம் எழுதி உலகம் முழுக்கப் பரப்பினார். விதி எளிமையானது. உங்கள் ஜோடியிடம் துருப்பு எத்தனை, எதிர் ஜோடியிடம் அவர்கள் துருப்பு எத்தனை, இரண்டையும் கூட்டுங்கள். இரண்டு ஜோடியும் தங்கள் தங்கள் துருப்பில் ஆடினால் எடுக்கக்கூடிய பிடிகளின் மொத்தமும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும்.

நம்மவர் கணக்குப் போட்டார். தன்னிடம் ஆறு ஆட்டின், மனைவியிடம் நாலு, ஆக 10. எதிராளிகளிடம் ஸ்பேடு அநேகமாக 9. கூட்டினால் 19. அவர்கள் 10 பிடி எடுப்பார்கள் என்றால் நமக்கு 9தான் வரும். 5 ஆட்டினில் இரண்டு குறையும். டபுள் சொல்லிவிட்டால் 500 புள்ளி நஷ்டம். அவர்களை 4 ஸ்பேடு ஆட விட்டால் 620 நஷ்டம். அப்படிப் பார்த்தால் ஏறுவது கொஞ்சம் லாபம். ஆனால் அவர்களுக்கு 9 பிடிதான் என்றால்? 4 ஸ்பேடு தானாகவே கவிழும், நமக்கு 100 கிடைக்கும். அதைவிட்டு 5 ஆட்டினுக்கு ஏறினால் அதுவும் கவிழ்ந்து 200 போகும். 'ஐந்தாம் படி எப்போதும் எதிராளிக்கே' என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதும் ஞாபகம் வந்தது. பாதிக்குப் பாதி.

அந்தப் பாதிக்குப் பாதியில்தான் மனைவியின் அரை நிமிஷம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் எதற்காக யோசித்தார்? ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு யாரும் அரை நிமிஷம் யோசிப்பதில்லை. 5 ஆட்டின் கேட்கலாமா என்று யோசித்திருப்பார். அல்லது டபுள் சொல்லலாமா என்று. எதுவாக இருந்தாலும் 'பாஸ் எனக்குப் பிடிக்கவில்லை' என்பதுதான் அந்த மௌனத்தின் அர்த்தம். அவர் சீட்டைப் பிடித்திருந்த விதத்திலிருந்தே, டபுள் இல்லை, 5 ஆட்டின்தான் என்றுகூடக் கணவருக்குத் தெரிந்துவிட்டது. 36 வருஷம்.

தெரிந்தது. அவர் "பாஸ்" என்றார்.

மாங்காய் வியாபாரி 4 ஸ்பேடு ஆடினார். ஆட்டினில் ஒன்று, டைமன்டில் இரண்டு விட்டுக்கொடுத்து, சரியாக 10 பிடி. 620. பக்கத்து மேஜையில் இதே கையை வைத்திருந்தவர் 5 ஆட்டினுக்கு ஏறி, ஸ்பேடில் ஒன்றும் கிளாவரில் ஒன்றும் மட்டும் விட்டு 11 பிடி எடுத்து 650 வாங்கியிருந்தார். மனைவியிடம் டைமன்டில் ஏஸ், ஜாக்கியுடன் ஐந்து சீட்டு, கிளாவரில் ஒற்றைச் சீட்டு. இரண்டு பக்கமும் இரண்டாவதாக ஒரு நீளமான ஜாதி பொருந்தி இருந்ததால் வெர்ன் விதியின் 19 அன்றைக்கு 21 ஆகிவிட்டது. இப்படி ஆகும் என்று விதியைப் பரப்பியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த ஒரு கையில் மட்டும் 15 புள்ளி நஷ்டம். அன்றைய ஆட்டமே அதில் போனது.

எல்லோரும் கிளம்பிப் போனதும் டம்ளர்களைச் சேகரித்துக்கொண்டே மனைவி கேட்டார்.

"நான் அவ்வளவு நேரம் யோசிச்சேனே, உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சதும்மா."

"அப்புறம் ஏன் பாஸ் சொன்னீங்க?"

"தெரிஞ்சதாலதான்."

அந்த அம்மாளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "வீட்டுல நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிறீங்க. அங்க மட்டும் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்துக்கிட்டு..." என்று ஆரம்பித்து, பாத்திரம் கழுவி முடிக்கும் வரை போனது.

யார் பக்கம் நியாயம்? பிரிட்ஜ் சட்டப் புத்தகத்தில் 16-வது சட்டம் இதைப் பற்றியது. யோசிப்பது குற்றமில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். ஆனால் அந்தத் தாமதத்திலிருந்து கூட்டாளிக்கு ஒரு தகவல் கிடைக்கிறதே, அது திருட்டுத் தகவல். அது காட்டும் திசையில் அவர் போகக் கூடாது. வேறு நியாயமான வழி இருந்தால் அதில்தான் போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே தயக்கத்தை எதிராளி தாராளமாகப் படிக்கலாம், தப்பாகப் படித்தால் அவர் பாடு. ஒருவர் தயங்குவதைப் பார்க்கக்கூடாத ஒரே ஆள், அவரை நன்றாகத் தெரிந்த ஆள்.

நியாயமான வேறு வழி இருந்ததா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்வது? பெரிய போட்டிகளில் நடுவர் இதற்கு ஒரு நல்ல முறை வைத்திருக்கிறார். அதே தரத்தில் ஆடும் சிலரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, கையையும் ஏலத்தையும் மட்டும் காட்டி, தயக்கத்தைப் பற்றி மூச்சு விடாமல், 'என்ன சொல்வீர்கள்?' என்று கேட்பார். அதில் சிலராவது பாஸ் சொன்னால், பாஸ் நியாயமான வழிதான். அப்போது 5 ஆட்டினுக்கு ஏறிச் சம்பாதித்த 650-ஐ நடுவர் திரும்பப் பிடுங்கலாம்.

ஓசூரில் நடுவர் யாரும் இல்லை. கணவர் மறுநாள் பெங்களூர் நண்பர்கள் சிலருக்கு வாட்ஸ்அப்பில் அந்தக் கையை அனுப்பினார். தயக்கத்தைச் சொல்லவில்லை. பாதிப் பேர் 5 ஆட்டின் என்றார்கள். மீதிப் பேர் பாஸ், ஒருவர் டபுள். இவருக்குத் திருப்தி. மனைவியிடம் காட்டினார். "பாதிப் பேர் அஞ்சு சொல்லியிருக்காங்கல்ல?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார் அந்த அம்மாள்.

எதிராளிகள் இரண்டு பேரும் இவர் 5 ஆட்டின் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். தட்டை முறுக்கு சாப்பிட வருகிறவர்கள்! உலகம் முழுக்க வீட்டு ஆட்டங்களில் இப்படித்தான் நடக்கிறது, யாரும் பெரிதுபடுத்துவதில்லை. அதைத் தப்பென்று சொல்லவும் மனம் வரவில்லை. இவர் ஏன் அப்படி என்றால், தன் மேஜைக்கு வந்த பாகத்தை யாரும் பார்க்காவிட்டாலும் அளந்துவிட்டுத்தான் அனுப்பிப் பழக்கம்.

பெரிய இடங்களில் இந்தத் தலைவலிக்காகவே மேஜைக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு திரை போட்டுவிடுகிறார்கள். 1975-ல் பெர்முடா தீவில் நடந்த உலகக் கோப்பையில் அது முதன்முதலாக வந்தது. கூட்டாளியின் முகம் தெரியாது. ஏலத்தை வாயால் சொல்வதில்லை, அட்டையை ஒரு தட்டில் வைத்துத் திரைக்கு அடியில் தள்ளுவார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருப்பதால், தட்டு தாமதமாக வந்தால் யோசித்தது கூட்டாளியா, எதிராளியா என்றே தெரியாது. அழகான ஏற்பாடு. ஆனால் மனுஷன் மனுஷன்தானே! திரை போட்ட அதே 1975-ல் மேஜைக்கு அடியில் கால் பேசியதாகப் புகார் வந்தது. பிறகு மேஜைக்குக் கீழேயும் தடுப்பு வைத்தார்கள்.

நம் சென்னையிலேயே 2015 செப்டம்பர் கடைசியில் உலக பிரிட்ஜ் அணிப் போட்டி நடந்தது. பலருக்கு ஞாபகம் இருக்காது. அதற்குச் சற்று முன்னால்தான், உலகின் உச்சியில் இருந்த சில ஜோடிகள் ரகசிய சைகை வைத்து ஆடுகிறார்கள் என்று பெரிய பூகம்பம் வெடித்தது. நார்வே நாட்டு ஆட்டக்காரர் போயே புரூகலாண்ட் துணிந்து கிளப்பிய விவகாரம் அது. பழைய ஆட்டங்களின் வீடியோவைப் போட்டு, சீட்டை மேஜையில் எப்படி வைக்கிறார்கள், அட்டைப் பெட்டியை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்று உலகம் முழுக்க உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். இஸ்ரேல், ஜெர்மனி, மொனாக்கோ அணிகள் சென்னைக்கே வரவில்லை. முக்கியக் கோப்பையான பெர்முடா பௌலை ஸ்வீடனைத் தோற்கடித்து போலந்து வாங்கிக்கொண்டு போனது. ஓசூர்க் கணவர் அந்தச் செய்திகளை அச்செடுத்து இன்னும் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறார்.

சனிக்கிழமைக் கோபம் திங்கட்கிழமை இரவு வரை நீடித்தது. செவ்வாய்க்கிழமை மகன் வந்தான்.

அவனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஓசூரிலிருந்து பார்த்தால் மாநிலம்தான் வேறு, தூரம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நெரிசலில் வாரத்துக்கு ஒருமுறை வருவதே பாடு. அவன் கொண்டு வந்த யோசனை இதுதான். ஓசூர் வீட்டை விற்றுவிடலாம். இப்போது நல்ல விலை. அந்தப் பணத்தையும் போட்டு, மீதிக்கு அவன் கடன் வாங்கி, பெங்களூரில் பெரிய ஃபிளாட்டாக எல்லோரும் சேர்ந்து இருக்கலாம். பேரனையும் பார்த்துக்கொள்ளலாம். முன்பணம் கொடுக்க ஆள் தயார்.

கணவருக்கு அது பிடித்திருந்தது. பேரன் பக்கத்திலேயே இருப்பான். ஆஸ்பத்திரி பக்கம். பெங்களூரில் பிரிட்ஜ் கிளப்புகள் வேறு இருக்கின்றன.

"நீ என்னம்மா சொல்ற?" என்று மகன் கேட்டான்.

அந்த அம்மாள் கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "சரிப்பா. அப்பாவுக்குச் சரின்னா எனக்கும் சரி."

கணவர் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மகன் சந்தோஷமாகக் கிளம்பினான்.

சனிக்கிழமை அவர் தயக்கத்தைப் படிக்காமல் விட்டதில் அவருக்கு நஷ்டம். செவ்வாய்க்கிழமை படிக்காமல் விட்டால் அவருக்கு லாபம். இந்த வித்தியாசம் அவருக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. வியாழக்கிழமை ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்டார்.

"ஏம்மா, அன்னிக்கு எதுக்கு யோசிச்ச?"

"எந்த அன்னிக்கு? அஞ்சு ஆட்டினா?"

"இல்ல. வீடு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நான் யோசிச்சது உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீங்களா கேக்கறீங்களான்னு பார்த்தேன்."

பிறகு கணக்கு டீச்சர் கணக்காகவே சொன்னார். "இந்த வீட்டுப் பத்திரம் நம்ம ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. அங்க அவன் பேர்ல லோன், அவன் பேர்ல வீடு. நமக்கு ஒரு ரூம்."

"அவன் நம்மள விட்டுருவானா?"

"அவன் விடமாட்டாங்க. அது இல்ல. எனக்குக் கோபம் வந்தா சாத்திக்கறதுக்கு ஒரு வாசக்கதவு வேணும். ரூம் கதவு இல்ல, வாசக்கதவு. இந்த மூணு நாள் நான் உங்ககிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தேனே, மருமக முன்னாடி அப்படி இருக்க முடியுமா? அவளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மகனுக்கு போன் போட்டார். 'அம்மாவுக்கு இஷ்டமில்லை' என்று சொல்லாமல், "எங்க ரெண்டு பேருக்கும் இப்ப வேண்டாம்னு தோணுதுப்பா" என்றார். மகனுக்கு வருத்தம்தான். ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். நாளைக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. மகன் அதைக் கேட்டான். நியாயமான கேள்வி. இருவரிடமும் பதில் இல்லை. இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர்கள் பஸ் பிடித்துப் போய் பேரனைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பி வருகிறார்கள்.

சனிக்கிழமை ஆட்டம் தொடர்கிறது. ஒரு மாற்றம் மட்டும். சட்டப் புத்தகத்தை அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டார். எல்லா ஏலத்தையும் ஒரே வேகத்தில் சொன்னால் யாருக்கும் எந்தத் தகவலும் போகாது என்று அதில் அவருக்குப் பிடிபட்டது. இப்போது கையில் ஏஸ் இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். எட்டரைக்கு முடியும் ஆட்டம் ஒன்பதரை வரை போகிறது. அத்திப்பள்ளிக்காரர், "மேடம், என் பஸ் போயிடும். பாஸ்தானே? சீக்கிரம் சொல்லிடுங்க" என்று வாரா வாரம் கெஞ்சுகிறார்.

"ஏழு ஆயிடுச்சு சார். இன்னும் மூணுதான்" என்கிறார் அந்த அம்மாள்.